த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ்: எதில் தொடங்குவது, எந்தப் பதிப்பை வாங்குவது, எப்படிப் படிப்பது

கேள்வி இதுதான்: பத்து வயதுக் குழந்தை எனிட் பிளைட்டனின் துப்பறியும் கதைகளை முடித்துவிட்டது. அடுத்து, மூன்று சிறுவர்கள் துப்பறியும் 'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அண்ட் த த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரைக் கொடுக்கலாமா? 43 புத்தகங்களில் எதில் தொடங்குவது? ஒரே கதை இரண்டு பதிப்புகளில் இரண்டு விதமாக இருக்கிறதே, எதை வாங்குவது? திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் உண்மையிலேயே இவற்றை எழுதினாரா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கொடுக்கலாம், 9 வயதிலிருந்து 13 வரை பொருத்தமான தொடர். எழுதியவர் ஹிட்ச்காக் இல்லை, ராபர்ட் ஆர்தர். அவர் கைப்பட எழுதியவை பத்து: 1 முதல் 9 வரை, பிறகு 11. இந்தப் பத்தையும் முதலில் தேடுங்கள். அட்டையில் ஹிட்ச்காக் பெயர் உள்ள பழைய பதிப்பாகவே வாங்குங்கள். முடிந்தால் முதல் இரண்டையாவது நீங்களே குழந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னதற்குத்தான் விளக்கம் அதிகம் தேவைப்படும், ஏனென்றால் இந்தத் தொடரின் சூட்சுமமே ஒலியில் இருக்கிறது.

ராபர்ட் ஆர்தர் 1909இல் பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில் பிறந்த அமெரிக்கர். புத்தகத்துக்கு வரும் முன்பே வானொலியில் பேர் வாங்கியவர். டேவிட் கோகனுடன் சேர்ந்து அவர் எழுதிய 'த மிஸ்டீரியஸ் டிராவலர்' நாடகத் தொடர் 1943 முதல் 1952 வரை மியூச்சுவல் வானொலியில் ஓடியது. வானொலி நாடகத்துக்காக எட்கர் விருதும், அதாவது மர்மக் கதைகளுக்கான அமெரிக்க விருதும், வாங்கியிருக்கிறார். பிறகு ராண்டம் ஹவுஸ் பதிப்பகம் ஹிட்ச்காக் பெயரில் வெளியிட்ட திகில் கதைத் தொகுப்புகளைத் திரைமறைவில் இருந்து தொகுத்தவரும் இவர்தான். அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான் இந்தச் சிறுவர் தொடர். ஹிட்ச்காக் பெயரையும் முகத்தையும் வாடகைக்குக் கொடுத்தார். முன்னுரையில் 'நான் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பேசுகிறேன்' என்கிற தொனியில் வருவதெல்லாம் ஆர்தர் எழுதியது.

வானொலிக்காரர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு தலைப்புகளைப் பாருங்கள். திக்கும் கிளி, கிசுகிசுக்கும் மம்மி, அலறும் கடிகாரம், பேசும் மண்டையோடு. முதல் கதையில் வரும் பேய் வீட்டின் பழைய சொந்தக்காரர் பேசாப் படக் காலத்து நடிகர். படங்கள் பேசத் தொடங்கியதும் அவருடைய மெல்லிய, மழலைக் குரலைக் கேட்டு அரங்கம் சிரித்தது, அதோடு அவர் திரைவாழ்க்கை முடிந்தது. நான்காவது கதை இடிக்கப்படும் ஒரு மாளிகையிலிருந்து கிளம்பும் ஓர் அலறலில் தொடங்குகிறது. கண்ணால் பார்க்கும் தடயங்களைவிடக் காதில் விழும் தடயங்கள் இந்தப் பத்துக் கதைகளிலும் கனமானவை. கால்தடம், சிகரெட் துண்டு, பொத்தான் என்று தரையைப் பார்த்தே துப்பறியும் மற்ற சிறுவர் தொடர்களிலிருந்து இது விலகி நிற்பது இங்கேதான்.

மூன்று பேரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஜுபிடர் ஜோன்ஸ் தலைவன், பருமனானவன், அகராதிபோல் பேசுபவன். சின்ன வயதில் குழந்தை நட்சத்திரமாக இருந்ததால் யார் மாதிரியும் நடித்துக் காட்டுவான். பீட் க்ரென்ஷா பலசாலி. அப்பா சினிமாவில் தந்திரக் காட்சி நிபுணர். ஆபத்து என்றால் முதலில் தயங்குபவனும் பீட்தான், உள்ளே குதிக்க வேண்டிய நேரத்தில் குதிப்பவனும் அவன்தான். பாப் ஆண்ட்ரூஸ் ஆவணங்களும் ஆராய்ச்சியும். நூலகத்தில் பகுதிநேர வேலை, அப்பா பத்திரிகைக்காரர். முதல் புத்தகத்தில் பாப் உடைந்த காலில் இரும்புப் பட்டை கட்டியிருப்பான். அது பின்னால் கழன்றுவிடும், அதனால் வரிசையாகப் படிக்கிற குழந்தை 'எங்கே போச்சு அது?' என்று கேட்கலாம். ஊர் ராக்கி பீச், கலிஃபோர்னியாவில் ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் ஆர்தர் கற்பனையாக உண்டாக்கிய கடற்கரை ஊர்.

தலைமையகம் இருப்பது ஜுபிடரின் அங்கிள் டைட்டஸ், ஆன்ட்டி மாத்தில்டா நடத்தும் காயலான் கடையில். குழந்தைகள் இந்தத் தொடரைவிட்டு எழாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த இடம் என்று தயங்காமல் சொல்வேன். 30 அடி நீள டிரெய்லர் வீடு ஒன்று, விபத்தில் நசுங்கி விற்பனைக்கு உதவாமல் கிடந்தது. அதைச் சுற்றி இரும்பும் மரமும் கொட்டிக் கொட்டி மூடிவிட்டார்கள். பெரியவர்களுக்கு அப்படியொன்று அங்கே இருப்பதே மறந்துபோயிற்று. உள்ளே மேஜை, தொலைபேசி, புகைப்படம் கழுவ ஓர் இருட்டறை, குப்பைக்கு மேலே எட்டிப் பார்க்கும் பெரிஸ்கோப்.

உள்ளே போகும் வழிகளை ஆர்தர் ஒவ்வொன்றாக விவரிக்கிறார், படம் வரையும் அளவுக்கு. 'டனல் டூ' நெளி இரும்புக் குழாய். பட்டறைப் பக்கம் இருந்து தவழ்ந்து போனால் டிரெய்லரின் அடியில் ஒரு மூடியைத் தூக்கிக்கொண்டு ஏறலாம். 'ஈஸி த்ரீ' நிலையோடு சாய்ந்து நிற்கும் பெரிய ஓக் மரக் கதவு. குப்பையோடு குப்பையாகக் கிடக்கும் துருப்பிடித்த சாவிதான் அதற்குச் சாவி. கடையின் வேலிக்குள் நுழையவே தனி வழிகள் உண்டு. வேலி முழுக்க உள்ளூர் ஓவியர்கள் படம் வரைந்திருக்கிறார்கள். முன்பக்கம் கடலும் கப்பலும், அதை எட்டிப் பார்க்கும் மீனின் கண்ணை அழுத்தினால் இரண்டு பச்சைப் பலகைகள் விலகும். பின்பக்கம் 1906 சான் ஃபிரான்சிஸ்கோ தீவிபத்து, அதில் ஒரு குட்டி நாய். நாயின் கண் மரத்தின் கணு. அதைப் பிடுங்கிக் கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை நீக்க வேண்டும். இந்தப் பின்கதவுக்கு 'ரெட் கேட் ரோவர்' என்று பெயர்.

ஒரே வழியாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆன்ட்டி மாத்தில்டா வேலை கொடுக்கக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கும்போது எந்தப் பக்கம் நழுவுவது, எதிரி பின்தொடரும்போது எந்த வழியைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது என்று ஒவ்வொரு புத்தகத்திலும் இந்த வழிகளுக்கு வேலை இருக்கிறது. குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்து, படிக்கப் படிக்கக் கடையின் வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று புத்தகங்களுக்குள் முழுப் படமும் வந்துவிடும். எல்லா வழியும் முதல் புத்தகத்திலேயே வருவதில்லை, இடம் விட்டு வரையச் சொல்லுங்கள்.

இங்கேயும் காது வேலை செய்கிறது. தொலைபேசியில் ஒருவர்தானே கேட்க முடியும்? ஜுபிடர் பழைய வானொலிப் பெட்டியின் உறுப்புகளை வைத்து ஒலிபெருக்கி செய்துவிடுகிறான். மறுமுனையில் பேசுவது மூவருக்கும் கேட்கும். உள்ளே மணி அடித்தால் வெளியே பட்டறையில் சிவப்பு விளக்கு மினுக்கும். கதாசிரியருக்கு இதில் ஒரு லாபம்: துப்பு வரும் ஒவ்வொரு அழைப்பையும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டு, மூன்று விதமாகப் புரிந்துகொள்ளலாம். பாப் குறிப்பெடுப்பான், பீட் பதறுவான், ஜுபிடர் கீழுதட்டைக் கிள்ளிக்கொண்டு யோசிப்பான்.

இனி முதல் புத்தகம், 'த சீக்ரெட் ஆஃப் டெரர் காஸில்', 1964. ஹிட்ச்காக் ஒரு படத்துக்கு உண்மையான பேய் வீடு தேடுகிறார் என்று தெரிந்து மூவரும் தேடித் தருவதாகக் கிளம்புகிறார்கள். ஹிட்ச்காக்கின் அலுவலகத்துக்குள் நுழைவதற்கு ஜுபிடர் செய்யும் தந்திரம் அற்புதம்: அவரைப்போலவே கன்னத்தை உப்பிக்கொண்டு, குரலையும் மாற்றிக்கொண்டு அவருடைய உறவுக்காரன்போல நடித்துவிடுகிறான். ஹிட்ச்காக்குக்கு வரும் கோபத்தில், 'இனிமேல் இந்த நடிப்பை நடிக்கவே கூடாது' என்ற நிபந்தனையின் பேரில்தான் முன்னுரை எழுத ஒப்புக்கொள்கிறார். தொடர் முழுவதற்கும் அவர் ஏன் சிடுசிடுத்துக்கொண்டே முன்னுரை எழுதுகிறார் என்பதற்குக் காரணம் இதுதான். குழந்தைக்கு ஹிட்ச்காக் யாரென்று தெரியாவிட்டால் இந்த நகைச்சுவை வீணாகும். அவருடைய படம் ஒன்றைக் காட்டி, குரலையும் ஒரு நிமிடம் கேட்கவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் கதையின் முடிச்சு அவிழ்வதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அந்த மாளிகைக்குள் காலடி வைத்ததுமே எல்லோருக்கும் இனம் தெரியாத படபடப்பு, பிறகு பயம், பிறகு ஓட்டம். காரணம் அங்கிருக்கும் பைப் ஆர்கன், குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பெரிய இசைக்கருவி. காதுக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்த அதிர்வை அது எழுப்புகிறது. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கேட்பதில்லை. பெரிய தேவாலய ஆர்கன்களில் உள்ள 32 அடிக் குழாய் சுமார் 16 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, ஆக இப்படியொரு கருவி சாத்தியமே. அதைக் கேட்டவர் கதையில்போலத் தலைதெறிக்க ஓடுவாரா என்றால், அது ஆர்தர் கூட்டிச் சொன்னது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: கேட்காத ஒலியையே குற்றவாளியாக்கி ஒரு சிறுவர் தொடரைத் தொடங்கியிருக்கிறார் ஒரு வானொலிக்காரர்.

இரண்டாவது, 'த மிஸ்டரி ஆஃப் த ஸ்டட்டரிங் பாரட்', அதே 1964. பத்தில் சிறந்தது இதுவே என்பது என் தீர்ப்பு. காணாமல்போன ஒரு கிளியில் தொடங்கி, மொத்தம் ஏழு பறவைகள் என்று தெரியவருகிறது: ஆறு கிளிகள், ஒரு மைனா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரபலத்தின் பெயர்: பில்லி ஷேக்ஸ்பியர், லிட்டில் போபீப், பிளாக்பியர்ட், ராபின் ஹுட், ஷெர்லாக் ஹோம்ஸ், கேப்டன் கிட், ஸ்கார்ஃபேஸ். ஒவ்வொன்றும் ஒரு வாசகம் சொல்லும். ஏழையும் சேர்த்தால் ஒளித்துவைத்த ஓர் ஓவியத்துக்கு வழி.

இதில் கிட்டத்தில் பார்க்க வேண்டியது பில்லி. ஹாம்லெட்டின் 'டு பி ஆர் நாட் டு பி' வசனத்தை அது 'டு-டு-டு பி' என்று திக்கிச் சொல்கிறது. கேட்பவர் எல்லோரும் 'பாவம், திக்குவாய்க் கிளி' என்று கடந்துபோகிறார்கள். ஜுபிடர் மட்டும் நிற்கிறான். கிளி தானாகத் திக்காது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். அப்படியானால் யாரோ வேண்டுமென்றே திக்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். எதற்காக? விடையைச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: அந்த வரியை அச்சில் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பிடிபடாது, வாய்விட்டு ஆங்கிலத்தில் மூன்று முறை வேகமாகச் சொன்னால் காதில் விழும். உரக்கப் படிக்கச் சொல்வது இதனால்தான். குழந்தை மௌனமாகப் படித்தால் புதிரின் சாவி அதன் கையில் இருந்தும் தெரியாமல் போகும். மைனா பிளாக்பியர்ட் இந்தக் கதைக்குப் பிறகு தலைமையகத்திலேயே தங்கிவிடுகிறது.

இதைப் படிக்கும்போது ஒரு கவனம். வீட்டிலோ வகுப்பிலோ திக்கிப் பேசும் குழந்தை இருந்தால், கிளியின் பேச்சை இழுத்து நையாண்டியாக நடித்துக் காட்டாதீர்கள். ஒரே சீராக, தாளம் தட்டுவதுபோல் 'டு-டு-டு' என்று படித்தாலே போதும். புதிருக்கும் அதுதான் நல்லது.

தொடரில் நடைமுறைக்கு எடுத்து விளையாடிப் பார்க்கத்தக்கவை இரண்டு உண்டு. ஒன்று, ரோல்ஸ் ராய்ஸ். ஒரு வாடகைக் கார் நிறுவனம் ஜாடி நிறையப் பீன்ஸ் விதையை வைத்து 'எத்தனை விதை?' என்று போட்டி நடத்துகிறது. சரியாகக் கணித்த ஜுபிடருக்கு ஓட்டுநர் வொர்திங்டனோடு தங்கமுலாம் பூசிய பழைய ரோல்ஸ் ராய்ஸ் 30 நாளுக்குக் கிடைக்கிறது. பெரிய ஊரில் சைக்கிளை வைத்துக்கொண்டு துப்பறிய முடியாது என்ற சிக்கலை ஆர்தர் தீர்த்த விதம் இது. ஏழாவது புத்தகத்தில் காருக்கு நிரந்தர ஏற்பாடும் வந்துவிடும்.

வீட்டில் இதைச் செய்துபார்க்க, ஒரு கண்ணாடி ஜாடியும் கொண்டைக்கடலையும் போதும். சிறிய டம்ளர் ஒன்றில் கடலையைத் தலைதட்டி நிரப்பி, கொட்டி எண்ணுங்கள். மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். அதே டம்ளரால் தண்ணீர் ஊற்றி ஜாடி எத்தனை டம்ளர் பிடிக்கிறது என்று பாருங்கள். பெருக்கினால் விடை கிட்டத்தட்ட வரும். பிசகு எங்கே வரும் என்றால், டம்ளரில் லேசாகக் கொட்டியதும் ஜாடியில் குலுக்கி அடைத்ததும் ஒன்றில்லை. குலுக்கினால் கூடுதலாகப் பிடிக்கும். அதனால் டம்ளரையும் அதேபோல் தட்டி நிரப்ப வேண்டும். டம்ளர் ரொம்பச் சிறியதாக இருந்தாலும் தப்பும், ஓரத்தில் வீணாகும் இடத்தின் பங்கு பெரிதாகிவிடும். டம்ளர் இல்லாமல் கணக்காகவே போட விரும்பும் பெரிய பிள்ளைகளுக்கு: உருண்டையான பொருளை அடைத்தால் கொள்ளளவில் சுமார் 60 சதவீதம்தான் பொருள், மீதி காற்று. அந்தக் காற்றை மறந்தவர்கள்தான் போட்டியில் எக்கச்சக்கமாகக் கூட்டிச் சொல்வார்கள்.

இன்னொன்று, 'கோஸ்ட் டு கோஸ்ட் ஹுக்கப்' என்ற தொலைபேசிச் சங்கிலி. ஒரு காரையோ ஆளையோ தேட வேண்டும். மூவரும் ஆளுக்கு ஐந்து நண்பர்களைக் கூப்பிடுகிறார்கள், 15 பேர். அவர்கள் ஆளுக்கு ஐந்து, 75. அடுத்த சுற்றில் 375. மூன்றே சுற்றில் 465 பிள்ளைகள் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்கள், பெரியவர்கள் யாருக்கும் தெரியாமல். நிஜத்தில் இந்த எண் வராது. ஒரே ஊரில் ஒருவனுடைய நண்பன் இன்னொருவனுக்கும் நண்பன் என்பதால் இரண்டாவது சுற்றிலேயே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். குழந்தையிடம் அதன் ஐந்து நண்பர்களின் பெயரையும், அவர்கள் ஒவ்வொருவரும் கூப்பிடக்கூடிய ஐவரின் பெயரையும் எழுதச் சொன்னால் 25 வருவதற்குள் திணறும். சங்கிலி அறுவதும் இங்கேதான், செய்தி எதிரியின் காதுக்குப் போவதும் இங்கேதான். திட்டத்தின் பலவீனத்தைக் குழந்தையே கண்டுபிடித்துவிட்டால் ஜுபிடரைவிட ஒரு படி மேலே போனதாக அதற்குப் பெருமை வரும்.

மூவரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள நீட்டும், கேள்விக்குறி அச்சிட்ட விசிட்டிங் கார்டைப் பற்றியும் ஒரு வரி. மூன்று கேள்விக்குறிகளும் விளம்பரத்துக்கு மட்டுமல்ல, அடையாளக் குறியும்கூட. ஜுபிடர் வெள்ளைச் சாக்பீஸ், பீட் நீலம், பாப் பச்சை. கடத்தப்பட்டவன் சுவரில் கிறுக்கிவிட்டுப் போன கேள்விக்குறியின் நிறத்தைப் பார்த்து யார் இந்த வழியாகப் போனார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். வேறு யாராவது பார்த்தால் சின்னப்பிள்ளை கிறுக்கல் என்று விட்டுவிடுவார்கள்.

வரிசை விஷயத்துக்கு வருகிறேன். 1, 2 இரண்டையும் அந்த வரிசையிலேயே படிக்க வேண்டும். அடுத்து மூன்றாவது, 'விஸ்பரிங் மம்மி', 1965. 3,000 ஆண்டுப் பழைய மம்மி பேராசிரியர் தனியாக இருக்கும்போது மட்டும் கிசுகிசுக்கிறது. பிறகு நேராக 9க்குப் போகலாம்: 'ஸ்க்ரீமிங் க்ளாக்', 1968. மணி அடிப்பதற்குப் பதிலாகப் பெண் குரலில் அலறும் அலாரம் கடிகாரம் ஒன்று காயலான் கடைக்கு வந்துசேர்கிறது. அதைச் செய்தவர் யார், எதற்கு என்று தேடுவதே கதை. ஒலித் தடயத்தை ஆர்தர் முழுதாகச் சுவைத்து எழுதியது இது. ஏழு, 'ஃபியரி ஐ', 1967, 13 பிளாஸ்டர் மார்பளவுச் சிலைகளில் எதற்குள் மாணிக்கம் என்ற ஓட்டம். விறுவிறுப்பில் இதை மிஞ்ச இன்னொன்று இல்லை. 4, 5 நடுத்தரம். 6 'ஸ்கெலட்டன் ஐலண்ட்' கடல் சாகசம், 8 'சில்வர் ஸ்பைடர்' வரானியா என்ற கற்பனை ஐரோப்பிய நாட்டின் அரண்மனைச் சதி. இரண்டிலும் ஓட்டம் அதிகம், துப்பறிதல் குறைவு. காயலான் கடையை விட்டு வெளியே போனால் இந்தத் தொடருக்குப் பாதி பலம் போய்விடுகிறது. இவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 11 'டாக்கிங் ஸ்கல்', 1969. ஏலத்தில் ஒரு டாலருக்கு எடுத்த மந்திரவாதியின் பெட்டிக்குள் சாக்ரடீஸ் என்ற மண்டையோடு. ஆர்தர் அந்த ஆண்டுதான் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர்கள்: வில்லியம் ஆர்டன் என்ற பெயரில் டென்னிஸ் லிண்ட்ஸ் 13, எம்.வி. கேரி 15, நிக் வெஸ்ட் என்ற பெயரில் கின் ப்ளாட் 2, மார்க் பிராண்டல் 3. ஆர்தரின் 10ஐச் சேர்த்தால் 43. தலைப்புச் சூத்திரத்தை விடவில்லை. முனகும் குகை, சிரிக்கும் நிழல், இருமும் டிராகன், பாடும் பாம்பு என்று போகும். ஆர்டன் வயதுவந்தோருக்கான துப்பறியும் நாவல்களிலும் பேர்போனவர், கதைக்கட்டு உறுதி. அவருடைய 10ஆம் எண் 'மோனிங் கேவ்', 22ஆம் எண் 'டெட் மேன்ஸ் ரிடில்' இரண்டையும் நம்பி வாங்கலாம். கேரியின் சூழல் வருணனை நன்றாக இருக்கும், ஆனால் 23ஆம் எண் 'இன்விசிபிள் டாக்' கதையில் அமானுஷ்யத்தை அமானுஷ்யமாகவே ஒப்புக்கொண்டு விட்டுவிடுகிறார். பேய் என்று எது வந்தாலும் கடைசியில் மனிதக் கையைக் காட்டியே தீருவது என்பது ஆர்தர் போட்ட சட்டம். அதை உடைத்தது சரியில்லை. குழந்தை ஏமாற்றமாகக் கேட்டால், கேள்வி நியாயமானது என்று சொல்லுங்கள்.

பதிப்புக் குழப்பத்துக்குக் காரணம் ஹிட்ச்காக்கின் மரணம். அவர் 1980இல் இறந்தார். 31ஆம் எண்ணிலிருந்து அவர் இடத்துக்கு ஹெக்டர் செபாஸ்டியன் என்ற கற்பனை எழுத்தாளரைக் கொண்டுவந்தார்கள். அது போகட்டும், புதிய கதைகள். ஆனால் 1980களின் நடுவில் பழைய கதைகளைத் திரும்ப அச்சிட்டபோது அவற்றிலிருந்தும் ஹிட்ச்காக்கை நீக்கிவிட்டார்கள். முதல் புத்தகத்தில் அவருக்குப் பதில் ரெஜினால்ட் கிளார்க் என்ற கற்பனை இயக்குநர். ஜுபிடர் யாருக்குமே தெரியாத ஒருவரைப்போல் முகத்தை உப்பிக்கொண்டு நடித்தால் படிப்பவருக்கு எப்படிச் சிரிப்பு வரும்? அந்த அத்தியாயமே உயிரற்றுப் போகிறது.

கண்டுபிடிப்பது எளிது. அட்டையில் 'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அண்ட்' என்று தொடங்கினால் பழையது. அட்டை கிழிந்துபோன பிரதி என்றால் முன்னுரைக்கு அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 1 முதல் 30 வரையிலான கதையில் செபாஸ்டியன் பெயர் இருந்தால் திருத்திய பதிப்பு. இங்கே பழைய புத்தகக் கடைகளில் கைக்கு வருபவை பெரும்பாலும் ஆர்மடா என்ற பிரிட்டிஷ் பேப்பர்பேக்குகள். இவற்றைக் கையில் எடுத்ததும் கடைசித் தாளை முதலில் பாருங்கள். கதை முடிந்த பிறகு மூவரும் ஹிட்ச்காக்கிடம் போய் மிச்சமிருக்கும் சந்தேகங்களை விளக்கும் அத்தியாயம் அங்கேதான் இருக்கும். பசை காய்ந்து முதலில் உதிர்வதும் அந்தத் தாள்கள்தான். கடைசி நாலு பக்கம் இல்லாத துப்பறியும் கதையைக் குழந்தை கையில் கொடுப்பது பெரிய அநியாயம். முதுகை முழுதாக மடக்கித் திறக்காதீர்கள், பட்டென்று பிளந்துவிடும்.

உரக்கப் படிக்கும்போது ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் சரியான அளவு. ஆர்தர் அத்தியாயத்தை வானொலி நாடகத்தின் இடைவேளைபோலவே நிறுத்துவார்: ஒரு சத்தம், ஒரு கை, அணைந்த விளக்கு. அந்த இடத்தில் நிறுத்தினால் குழந்தை தூங்காது. படுக்கும் நேரமானால் அத்தியாய முடிவுக்கு ஒரு பக்கம் முன்பே மூடிவிடுங்கள். குரல்களில் ஜுபிடருக்கு நிதானமும் நீண்ட சொற்களும், பீட்டுக்கு வேகமும் இருந்தால் போதும். 1960களின் உலகம் என்பதால் சுழற்று டயல் தொலைபேசி, பேசாப்படம், வாக்கிடாக்கி, டார்க் ரூம் ஆகிய நாலையும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். கைபேசி இல்லாத காலம் என்பதை மறந்தால் 'ஏன் போன் பண்ணவில்லை?' என்றே கதை முழுதும் கேள்வி வரும்.

மூடி மறைக்காமல் பேச வேண்டியவையும் உள்ளன. ஜுபிடரின் உடம்பைப் பற்றிய கிண்டல் எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. குழந்தை நட்சத்திரமாக அவனுக்கு இருந்த பெயரே 'பேபி ஃபாட்ஸோ'. நல்லதாக ஒன்று, அந்தப் பெயரை அவன் வெறுக்கிறான் என்பதை ஆர்தர் மறைப்பதில்லை, அங்கே நிறுத்திப் பேசலாம். ஜிப்சிகள் குறிசொல்பவர்களாகவும், குள்ளமானவர்கள் பூதமாக வேடமிடுபவர்களாகவும் வருகிறார்கள். 'ஃபியரி ஐ' கதையில் இந்தியாவே வருகிறது: ப்ளெஷிவார் என்ற ஊர், அங்கே ஒரு நீதிக் கோயில், சிலையிலிருந்து திருடுபோன மாணிக்கம், நெற்றியில் மூன்று புள்ளி வைத்த மர்ம மனிதர். 50 ஆண்டு யார் கையும் படாமல் கிடந்தால் கல்லின் சாபம் நீங்குமாம். அப்படி ஓர் ஊரும் இல்லை, கோயிலும் இல்லை. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு இந்தியா என்றாலே சாபமும் மாணிக்கமும் என்று எழுதிய காலத்தின் சரக்கு அது. நம் பிள்ளைகள் இதைச் சட்டென்று கண்டுபிடிப்பார்கள், அதில் எழுத்தாளரையே துப்பறிகிற சந்தோஷமும் கிடைக்கும். கதை என்ற அளவில் அது அருமையாக ஓடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பத்தையும் முடித்துவிட்டு இன்னும் கேட்டால் என்ன செய்வது? 1989இல் 'க்ரைம்பஸ்டர்ஸ்' என்று மூவரையும் 17 வயதாக்கி, கார் ஓட்டவைத்து 11 புத்தகங்கள் வந்தன. சண்டை அதிகம், காயலான் கடை மணம் குறைவு. 12, 13 வயதுக்கு முன்னால் வேண்டாம். வங்காளம் தெரிந்தவர்களுக்கு, வங்கதேசத்தின் சேபா பிரகாஷனி 1985 முதல் வெளியிட்ட ரகிப் ஹசனின் 'தீன் கோயேந்தா' உண்டு. இந்தக் கதைகளைத் தழுவி கிஷோர், மூசா, ராபின் என்று மூவரைப் படைத்துத் தலைமுறைகளைக் கட்டிப்போட்டது அது. ஜெர்மனியில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் விசேஷம். 1968இல் மொழிபெயர்ப்பாகப் போய், 1979இல் ஒய்ரோப்பா நிறுவனம் ஒலி நாடகமாக வெளியிட ஆரம்பித்தது. முதல் ஒலிநாடா அந்தக் கிளிக் கதைதான். அன்று சிறுவர்களாகக் குரல் கொடுத்த ஆலிவர் ரோர்பெக், யென்ஸ் வாவ்ரெட்செக், ஆண்ட்ரியாஸ் ஃப்ரோலிஷ் மூவரும் வளர்ந்த பின்னும் அதே பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்து வந்தார்கள். அரங்கங்களில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து, மேடையில் மூவர் ஒலிவாங்கி முன் நின்று வாசிப்பதைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 43ஆம் எண்ணோடு 1987இல் நின்றுபோன மூலத் தொடரை, 1993லிருந்து ஜெர்மன் எழுத்தாளர்களே புதிதாக எழுதிவருகிறார்கள்.